தாரிங்காவின் பன்னிரண்டு பெட்டிகள்

தாரிங்கா லாம்ப்ரெட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் ஊரில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதைச் சொல்லக் கொஞ்சமும் தகுதி இல்லாதவளும் நான்தான். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். கிர்கா ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறேன். பெயர் ஃபானி. பிள்ளைகள் "சமையல் அத்தை" என்பார்கள். வாய் ரொம்ப நீளம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அதுவும் என் காதில் விழத்தான் செய்யும்.

தாரிங்கா டீச்சர் இல்லை. பள்ளி வேனை ஓட்டுகிறவள். மேட்டுக் கிராமங்களிலிருந்து பதினாலு பிள்ளைகளைக் காலையில் அள்ளிக்கொண்டு வருவாள், மத்தியானம் கொண்டுபோய் விடுவாள். அதற்கு முன்னால் சட்டைத் தொழிற்சாலையில் பதினாலு வருஷம் காலர் தைத்தாள், காலர் மட்டும்தான். தொழிற்சாலையை மூடினார்கள். ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போன புருஷன் ஸ்லாவ்கோ அங்கேயே ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான். பிள்ளை குட்டி கிடையாது. அழுது நான் பார்த்ததில்லை. "காலர் தைக்கிறதை விட வேன் ஓட்டுறது மேலுடி. ஜன்னல் இருக்கு" என்பாள்.

தேனீ அவள் கைக்கு வந்த கதை சிரிப்பான கதை. முன்பு பள்ளியில் பிள்ளைகளின் தேனீக் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியாருக்கு முழங்கால் போய்விட்டது. தலைமை ஆசிரியை கூட்டம் போட்டு, "கொட்டினா பயமில்லாதவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். வாத்தியார் கூட்டம் மொத்தமும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேன் சாவியைக் கொடுக்க வந்த தாரிங்கா வாசலில் நின்றபடியே, "எங்க மாமியார் பதினோரு வருஷம் கொட்டினாங்க. தேனீ என்னங்க பெரிசு?" என்றாள். அன்றைக்கே அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

கட்டினதோடு விடவில்லை அவள். இரண்டு குளிர்காலம், சனிக்கிழமை சனிக்கிழமையாக, தேனீ வளர்ப்பு வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். பள்ளித் தோட்டத்தில் சும்மா கிடந்த தேனீ வீட்டைச் செப்பனிட்டாள். மரக் கொட்டகை, உள்ளே அலமாரி மாதிரி மூன்று வரிசையில் பன்னிரண்டு பெட்டிகள். ஒன்பது வகுப்புக்கு ஒன்பது, வாத்தியார்களுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, காவலாளி வின்கோவுக்கு ஒன்று. ஒவ்வொரு பெட்டியின் முன்பலகையிலும் அந்தந்த வகுப்பே படம் வரைய வேண்டும். எங்கள் பெட்டியில் நான்தான் வரைந்தேன். கரண்டி வரைந்தேன், பார்த்தவர்கள் தவளை என்றார்கள்.

அவள் பாடம் நடத்துகிற விதம் வேறு. எங்கள் மொழியில் மாடும் நாயும் சாகும். மனிதர்களும் தேனீயும்தான் காலமாவார்கள். எந்தப் பிள்ளையாவது "செத்துப்போச்சு" என்றால், "உங்க வீட்டு ஆளை அப்படித்தான் சொல்லுவியா?" என்று ஒரு பிடி பிடிப்பாள். தேனீக்குத் தீனியான மஞ்சள் பூ முடிகிறவரை கால்பந்து மைதானத்தில் புல்லை வெட்டக் கூடாது என்று பிள்ளைகளை விட்டு வின்கோவிடம் மனு கொடுக்க வைத்தாள். நாற்பத்தெட்டு கையெழுத்து. "கோல் போஸ்ட்டே கண்ணுக்குத் தெரியல, எந்தக் கழுதை இந்த யோசனையைச் சொன்னது?" என்று வின்கோ கத்தினான். புல் வெட்டுகிற மிஷினை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

திராட்சைத் தோட்டத்து சிரில் உச்சி வெயிலில் மருந்தடிக்கிற ஆள். தேனீ பறக்கிற நேரத்தில் அடித்தால் அதோடு சரி. ஒரு நாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் அவன் மதில்மேல் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் பிரினா. பத்து வயசு, இரட்டைச் சடை, கையில் எப்போதும் ஒரு நோட்டு.

"என்ன, போராட்டமா?" என்றான் சிரில்.

"இல்ல மாமா. நீங்க அடிங்க. சும்மா பார்த்துக்கிட்டு இருக்கோம், அவ்வளவுதான்."

"உங்க அப்பன்கிட்ட சொல்றேன் இரு."

"அப்பாதான் கொண்டுவந்து விட்டாரு."

சிரில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு, மருந்து டப்பாவை மூடி, பொழுது சாய்ந்த பிறகுதான் அடித்தான். அதற்கப்புறம் எப்போதும் சாயங்காலம்தான். தாரிங்கா அன்றைக்கு என் சமையலறையில் வந்து நின்றுகொண்டு, "மதில்மேல உட்காருங்கன்னு நான் சொல்லவே இல்லடி. அதுங்களாப் போச்சு" என்று மூன்று தடவை சொன்னாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குழுவுக்கு அவள் வைத்த சட்டம் மூன்று. எங்கிருந்து வந்தது என்று தெரியாத எதையும் தேனீக்குக் கொடுக்காதே, அடுத்தவன் தேனைக் கொடுக்கவே கொடுக்காதே, அதில் தேனீக்கு ஆகாத நோய் இருக்கலாம். செய்ததை அன்றைக்கே எழுது. சந்தேகம் வந்தால் கேள், கேட்ட ஆளின் பெயரையும் எழுது. வேன் வருகிற வரை பிள்ளைகள் இதைப் பாட்டு மாதிரி கத்திக்கொண்டு ஓடுவார்கள். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். எனக்கும் மனப்பாடம்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

நவம்பர் மூன்றாவது வெள்ளிக்கிழமை எங்கள் நாட்டில் எல்லாப் பள்ளியிலும் தேன் காலையுணவு. ரொட்டி, வெண்ணெய், பால், ஆப்பிள், தேன். எல்லாம் அந்தந்த ஊர்ப் பொருளாக இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் நாலு வருஷமாகப் பள்ளித் தேனே. பிள்ளைகள் வரைந்த லேபிள், கரடி ஒன்று கரண்டியோடு உட்கார்ந்திருக்கும். அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் பனி விழுந்து அகேசியாப் பூ மொத்தமும் கருகிவிட்டது. லிண்டன் மரம் பூத்தபோது விடாத மழை. தாரிங்கா எடுத்தது ஆறே ஆறு சின்ன ஜாடி.

"ஆளுக்கு அரைக் கரண்டி ஊத்து. இந்த வருஷம் அதுங்களுக்கே பத்தல, அதனால நமக்கும் கொஞ்சம்னு நான் சொல்லிடறேன். அதுவும் பாடந்தான்டி ஃபானி" என்றாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மேயர் வருகிறார், பத்திரிகைப் போட்டோக்காரன் வருகிறான். பக்கத்து ஊர்ப் பள்ளிச் சமையல்காரி போன வருஷமே என்னிடம், "உங்க தாரிங்கா வேன் ஓட்டுறவதானே?" என்று இளித்தவள். அவள் இளிப்பை நினைத்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாரிங்கா தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். நோவோ மெஸ்தோ நகரத்துக்குப் போய்ப் பெரிய கடையில் ஒரு வாளித் தேன் வாங்கினேன். எந்தெந்த நாட்டுத் தேனெல்லாமோ கலந்தது என்று வாளியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. இளஞ்சூட்டில் இளக்கி, கழுவி வைத்திருந்த பள்ளி ஜாடிகளில் ஊற்றி, கரடி லேபிளை ஒட்டினேன்.

"போன வருஷத்து ஜாடி நிலவறையில இருந்துச்சு, மறந்தே போயிருந்தேன்" என்று தாரிங்காவிடம் சொன்னேன். அவள் ரொட்டியில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "பழசாயிடுச்சு போல, சப்புனு இருக்கு" என்றாள். மேயர் மூன்று துண்டு ரொட்டி சாப்பிட்டார். போட்டோ வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாளித் தேனில் இரண்டு ஜாடி மிஞ்சியது, நிலவறையில் வைத்தேன், அதோடு மறந்தேன்.

மார்ச்சில் குளிர் திரும்பி வந்தது. ஐந்தாம் வகுப்பின் பெட்டி கனமே இல்லை, உள்ளே தீனி தீர்ந்துவிட்டது. ஓரிரு நாளில் பட்டினியில் போய்விடும் நிலைமை. தாரிங்கா வேனில் பாதி வழியில், பனியில். போனில் பிள்ளைகளிடம், "நிலவறையில நம்ம பள்ளித் தேன் மிச்சம் இருந்தா கொஞ்சம் கொடுக்கலாம். நம்மோடதுதானான்னு ஃபானிகிட்ட கேட்டுட்டுக் கொடுங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

பிரினா ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அன்றைக்கு உதவிக்கு வருகிறவள் வரவில்லை. அடுப்பில் அறுபது லிட்டர் சூப்.

"அத்தை, இந்தத் தேன் யாரோடது?"

"லேபிள்ல என்ன போட்டிருக்கு? படிக்கத் தெரியாதா?"

"பள்ளித் தேன்னு போட்டிருக்கு. ஆனா கேட்டுத்தான் எழுதணும்."

"அப்ப எழுதிக்கோ. பள்ளித் தேன். போ போ, சூப்பு பொங்குது."

அவள் நின்ற இடத்திலேயே நோட்டை முழங்காலில் வைத்து எழுதினாள், நன்றி சொல்லிவிட்டுப் போனாள். தேன் தேன்தானே, தேனீக்குத் தேன் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நாலு வருஷமாக என் ஜன்னலுக்கு வெளியே அந்தச் சட்டத்தைக் கத்தினார்களே. ஆனால் வாயைத் திறந்தால் நவம்பர் கதை வெளியே வரும், அது எனக்கு அவமானம். ஒரு ஜாடி அவமானம், அதற்குத்தான் அத்தனையும்.

மே மாதம் ஐந்தாம் பெட்டியில் வாடை வந்தது. தச்சுப் பசை காய்கிற வாடை. தேனடையில் புழு இருக்கும் அறைகளின் மூடி உள்வாங்கி, கறுத்து, ஓட்டையாகியிருந்தது. தாரிங்கா ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டு இழுத்தாள். பழுப்பாக நூல் மாதிரி நீண்டு வந்தது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடும் அழுகல் நோய். அதற்கு மருந்து கிடையாது, நெருப்புத்தான். அன்றைக்கே கால்நடை மருத்துவருக்கு அவளே போன் செய்தாள். மூடி மறைக்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

மருத்துவர் பொகோமிர் வந்து பன்னிரண்டையும் பார்த்தார். நாலு, ஐந்து, ஆறு, இந்த மூன்றில் நோய். மற்ற ஒன்பதும் சுத்தம், நல்ல பலத்தோடு இருந்தன. பிறகு என் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பேசினார்கள். உணவு கொடுக்கிற ஜன்னலுக்கு இந்தப் பக்கம், கதவுக்குப் பின்னால், நான்.

"வெளித்தேன் ஏதாவது கொடுத்தீங்களா?" என்றார் மருத்துவர்.

"இல்லைங்க. எங்க தேன்தான். அதுவும் ஒரு பெட்டிக்கு மட்டும்" என்றாள் தாரிங்கா.

பிரினா நோட்டை நீட்டினாள். மருத்துவர் சத்தமாகவே படித்தார். தேதி, ஐந்தாம் பெட்டி, பள்ளித் தேன், லேபிள் பார்த்தோம், சமையல் அத்தையைக் கேட்டோம். 

அவர் பெருமூச்சு விட்டார். "நல்லா எழுதியிருக்கே பாப்பா. ஆனா அதுதான் சிக்கல். வெளியிலிருந்து வந்ததுன்னா, அந்த மூணை எரிச்சுட்டு மத்த ஒன்பதைக் கண்காணிப்புல விட்டுடுவேன். உங்க தேனுக்குள்ளேயே நோய் இருந்திருக்குன்னா, அது பன்னிரண்டு பெட்டியிலிருந்தும் எடுத்துக் கலந்த தேன். எது மூலம்னு கண்டுபிடிக்க முடியாது. மொத்தமாத்தான் போகணும். ஆய்வகத்து அறிக்கை வரட்டும். அதுக்குள்ள ஏதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க."

அறிக்கை வர எட்டு நாள் ஆனது. ஒன்பது பெட்டிகளின் உயிர் எட்டு நாள் என் நாக்கில் இருந்தது. நான் என்ன செய்தேன்? சமைத்தேன். வேலை போகும், ஊர் காறித் துப்பும், மேயருக்கு வாளித் தேனைக் கொடுத்தவள் என்று கல்லறை வரை சொல்வார்கள். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்திருப்பேன். ஐந்தாவது நாள் வேன் வரைக்கும் போய்விட்டேன். தாரிங்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எங்கயோ நான்தான் கோட்டை விட்டிருக்கேன் ஃபானி. நாலு வருஷத்தையும் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். எதுன்னு பிடிபடவே மாட்டேங்குது."

நான் வாயைத் திறந்தேன். "எல்லாம் சரியாயிடும்டி" என்றேன். அந்த நாக்கை அறுத்து எறிந்திருக்கலாம்.

ஆறாம் நாள் போகவில்லை, ஏழாம் நாளும் போகவில்லை. எட்டாம் நாள் பன்னிரண்டையும் எரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அடுத்த நாள் காலை, தேனீ வெளியே பறக்கும் முன், ஐந்தரை மணிக்கு வாசலை அடைத்துக் கந்தகப் புகை போட்டார்கள். வின்கோ மைதானத்துக்குப் பின்னால் குழி வெட்டி வைத்திருந்தான். அந்த ஒன்பது பெட்டியின் இரைச்சல் இருக்கிறதே, கந்தகப் புகை உள்ளே போனதும் முதலில் ஏறியது, பிறகு இறங்கியது, பிறகு இல்லை. தாரிங்கா முன்பலகைகளை மட்டுமாவது கேட்டாள். "அந்த நோய் மரத்துல பல வருஷம் நிற்கும்மா. மன்னிச்சுக்கோ" என்றார் மருத்துவர். அதையும் போட்டார்கள். தேன் எரிகிற வாடை இனிப்பாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வாந்தி எடுத்தேன்.

ஆறு மணிக்கு அவள் கையைக் கழுவிக்கொண்டு வேனை எடுத்தாள். மேட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவர வேறு ஆள் ஏது? ஏழு மணிக்கு அவள் அவர்களோடு திரும்பி வந்தபோது புகை இன்னும் தோட்டத்தில்தான் இருந்தது. பிள்ளைகள் வேன் ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. ஊருக்குள்ளிருந்து நடந்து வருகிற பிரினாதான் வேன் கதவருகே வந்து கேட்டாள்.

"ஒன்பதுல நோயே இல்லையே. அதை ஏன் எரிச்சாங்க?"

"என் தப்பு" என்றாள் தாரிங்கா. "முன்னாடியே நோய் இருந்திருக்கு, நான் சரியாக் கவனிக்கல. உங்க யார் மேலயும் தப்பில்ல. உன் மேலயும் இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க, என் தப்பு."

பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். வீட்டில் போய்ச் சொன்னார்கள். மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் எந்தப் பெட்டியையும் அந்தக் கோடை முழுவதும் நகர்த்தக் கூடாது என்று தடை வந்தது. லிண்டன் காட்டுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோக முடியாமல் போன மற்ற தேனீக்காரர்கள் அவளை வாரி வாரித் தூற்றினார்கள். சிரில் தெருவில் பார்த்தால் எதிர்ப் பக்கம் போனான். "காலர் தைக்கிறவகிட்ட உயிருள்ளதைக் கொடுத்தா இப்படித்தான்" என்று தபால் அலுவலகத்தில் எவளோ சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன், வாயே நீளமான நான். தேனீ வீட்டைப் பிரித்தார்கள். குழு கலைந்தது.

ஜூலையில் ஒரு மத்தியானம், இதற்கு மேல் முடியாது என்று, அவள் வீட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்து சூப் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கத்தி நிற்கவே இல்லை, தோல் நீளமாக வந்துகொண்டே இருந்தது.

"டாக்டர் கேட்டப்ப நீ எங்க இருந்தே?"

"கதவுக்குப் பின்னாடி."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். நான் அழுதேன். நாளைக்கே மருத்துவரிடமும் தலைமை ஆசிரியையிடமும் போய்ச் சொல்கிறேன், பிள்ளைகள் முன்னால் மண்டியிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லாதே."

"ஏண்டி? உன்னை ஊரே கரிச்சுக் கொட்டுதே."

"கொட்டட்டும். சொன்னா ஒன்பது பெட்டி எந்திரிச்சு வருமா?" கத்தியைக் கீழே வைத்தாள். "இப்ப பிள்ளைங்க என்ன நினைக்குது? தாரிங்கா ஒரு மக்கு, கவனிக்காம விட்டுட்டா. நினைக்கட்டும். நாளைக்கு விவரம் தெரிஞ்ச ஒருத்தி வருவா, அவளை நம்பி மறுபடியும் தேனீயைத் தொடும். நீ சொன்னா என்ன தெரியும்? சட்டப்படி செஞ்சோம், பார்த்தோம், கேட்டோம், எழுதினோம். கேட்ட ஆளே பொய் சொல்லிட்டா. அப்புறம் அந்தப் பொண்ணு பிரினா ஜென்மத்துக்கும் எதையாவது தொடுவாளா? அதைவிட நான் மக்காவே இருந்துட்டுப் போறேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். எழுந்தேன். எங்கள் முப்பது வருஷப் பழக்கத்தில் வாசல் வரைக்கும் வராமல் அவள் என்னை அனுப்பியதில்லை, "போயிட்டு வா" என்று சொல்லாமல் விட்டதில்லை. அன்றைக்கு, "போ" என்றாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே.

இப்போதும் வேன் ஓட்டுகிறாள். சாவியை என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். மேட்டுப் பிள்ளைகளில் நாலு பேரை அவரவர் அப்பன்மாரே காரில் கொண்டுவந்து விடுகிறார்கள்.

போன அக்டோபரில் ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் பிரினா வந்தாள். ஆறாம் வகுப்பு. சடையை வெட்டிவிட்டாள். தட்டை நீட்டிக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"நம்ம தேனீ எல்லாம் போனது தாரிங்காவாலதானே அத்தை?"

பின்னால் முப்பது பிள்ளைகள். கரண்டி என் கையில். சத்தியம் என் தொண்டையில்.

"ஆமா கண்ணு" என்றேன். "அவளாலதான்."

அவள் தலையாட்டினாள். எனக்கு ஒரு நப்பாசை. தாரிங்கா எதற்காக அத்தனையும் தாங்குகிறாளோ அது ஒன்றாவது நடக்குமா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன்.

"அடுத்த வருஷம் நல்லா விவரம் தெரிஞ்ச ஒருத்தங்க வந்து திரும்பத் தேனீ வெச்சா, நீ போவியா?"

"ம்ஹும்." சூப் தளும்பாமல் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தாரிங்காவையும் அப்படித்தானே நம்பினோம்."

அவள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அடுத்த பிள்ளை தட்டை நீட்டியது. ஊற்றினேன்.